இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்துப் பாருங்கள்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஒரு நிறுவனத்தின் கொள்முதல் கணக்கைத் தணிக்கை செய்யப் போயிருந்தோம். மூன்று நாளாக பில் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. எண் இருந்தது, தேதி இருந்தது, கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. என் மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, "பில்லை மூடி வைம்மா. சப்ளையர் பட்டியலையும் ஊழியர் பட்டியலையும் எக்செல்லில் எடு. வங்கிக் கணக்கு எண்ணை வைத்து இரண்டையும் பொருத்திப் பார்" என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு சப்ளையருக்குப் பணம் போன கணக்கும், கொள்முதல் பிரிவில் இருந்த ஒருவரின் சம்பளக் கணக்கும் ஒன்றே. நான்கு ஆண்டுகளாக அந்தப் பெயரில் பணம் போயிருந்தது.

அதற்குப் பிறகு 19 ஆண்டுகள் தணிக்கையில் இருந்துவிட்டேன். இப்போது பொது ஒப்பந்தங்களின் தரவைத் தோண்டிப் பார்க்கும் ஒரு தன்னார்வலர் குழுவில் இருக்கிறேன். கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன, செய்கிற காரியம் மட்டும் அதே பத்து நிமிடக் காரியம்தான். ஒரு பட்டியல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தன்னைப் பற்றி மட்டுமே சொல்லும். பக்கத்தில் இன்னொன்றை வைக்கும்போதுதான் அது வாயைத் திறக்கிறது.

உகாண்டாவில் 1990-களின் முதல் பாதியில் ஆரம்பப் பள்ளிகளுக்கு அரசு மானியம் அனுப்பியது. அனுப்பிய கணக்கு தலைநகரில் ஒழுங்காக இருந்தது. 1996-ல் ஆய்வாளர்கள் 250 பள்ளிகளுக்குப் போய், வந்து சேர்ந்த தொகையைக் கேட்டுக் குறித்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்தபோது, சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளியை எட்டியிருந்தது. அரசு அதன் பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதைச் செய்தித்தாளில் வெளியிடத் தொடங்கியது. வந்து சேரும் பங்கு பெருமளவு உயர்ந்தது. செய்தித்தாள் மட்டுமே காரணமா என்று பொருளாதார அறிஞர்கள் பிறகு வாதிட்டார்கள், வாதிடட்டும். தலைமையாசிரியர் கையில் ஒரு எண் கிடைத்தது, "எங்களுக்கு வரவேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு" என்று அவரால் கேட்க முடிந்தது. வெளிப்படைத்தன்மை என்றால் எனக்கு அந்தக் கேள்விதான். அந்தக் கேள்வி வரை உங்களை அழைத்துப்போகும் வழியை, நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் கேள்வி, பிறகு கருவி

புதிதாகக் குழுவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் "எந்த மென்பொருள் கற்க வேண்டும்?" என்று தொடங்குவார்கள். நான் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஒரே வாக்கியத்தில் கேள்வியை எழுதச் சொல்வேன். "ஊழலைக் கண்டுபிடிப்பது" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "இந்த அலுவலகம் கடந்த இரண்டு ஆண்டுகளில் கொடுத்த ஒப்பந்தங்களில், ஒரே ஒருவர் மட்டும் விலை கேட்டு வென்றவை எத்தனை?" என்று எழுதினால் உட்காரலாம். கேள்வியில் ஓர் அலுவலகம், ஒரு காலம், எண்ணக்கூடிய ஒரு பொருள் மூன்றும் இருக்க வேண்டும்.

அதன் பிறகு பணம் நடக்கும் பாதையை வரைந்துகொள்ளுங்கள். திட்டம், டெண்டர், யாருக்குக் கிடைத்தது என்ற முடிவு, ஒப்பந்தம், பிறகு வேலையும் பணமும். பல நாடுகள் பின்பற்றும் திறந்த ஒப்பந்தத் தரவுத் தரம் இந்த ஐந்து கட்டங்களையும் ஒரே அடையாள எண்ணால் கோர்க்கச் சொல்கிறது. அந்த எண் இருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. இல்லாத இடங்களில் டெண்டருக்கு ஓர் எண், ஒப்பந்தத்துக்கு வேறோர் எண், பணம் கொடுத்ததற்கு இன்னோர் எண் என்று இருக்கும். எந்தக் கட்டத்தில் சங்கிலி அறுகிறது என்பதைக் குறித்து வையுங்கள். அறுந்த இடமே சில சமயம் கண்டுபிடிப்பாகிவிடும்.

இரண்டு நாடுகளைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, அலுவலகத்தில் "இதெல்லாம் எங்கும் நடக்காது" என்று சொல்வார்கள். ஸ்லோவாக்கியாவில் 2011 முதல் அரசு அமைப்பின் ஒப்பந்தம் இணையத்தில் வெளியான பிறகே நடைமுறைக்கு வரும். மூன்று மாதத்துக்குள் வெளியாகாவிட்டால் அது போடப்படாததாகவே கருதப்படும். உக்ரைனில் 2014 புரட்சிக்குப் பிறகு தன்னார்வலர்களும் தொழில்துறையினரும் சேர்ந்து உருவாக்கிய புரொசோரோ என்ற மின்-கொள்முதல் அமைப்பு, 2016 ஆகஸ்டிலிருந்து எல்லாப் பொதுக் கொள்முதலுக்கும் கட்டாயமானது. தோற்றவர் கேட்ட விலையையும் அதில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தோற்றவர்களின் விலை எவ்வளவு பேசும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தரவைக் கேட்டு வாங்குதல்

இணையத்தில் ஏற்கெனவே இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 1766-ல் ஸ்வீடனில் தொடங்கிய வழக்கம், இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சட்டமாக இருக்கிறது. மனு எழுதுவதில் நான் தட்டுத்தடுமாறிக் கற்ற சில விஷயங்கள் உண்டு.

முதல் மனுவில் தரவைக் கேட்காதீர்கள். அந்தத் தரவு எந்த மென்பொருளில் இருக்கிறது, அதன் பட்டியலில் என்னென்ன தலைப்புகள் உள்ள பத்திகள் இருக்கின்றன என்று மட்டும் கேளுங்கள். அதைக் கொடுப்பதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. கையில் வந்த பிறகு இரண்டாம் மனுவில், "உங்கள் பதிவேட்டின் 4, 7, 9, 12-ஆம் பத்திகள், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை" என்று எழுதுங்கள். "அப்படி ஒரு தொகுப்பு எங்களிடம் இல்லை" என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை.

எந்த வடிவில் வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல் கோப்பு) அல்லது எக்செல், அவர்கள் வைத்திருக்கும் அதே மின்னணு வடிவில். இதை எழுதாமல் விட்டதால் எனக்கு ஒருமுறை 600 பக்கம் அச்செடுத்து, அதைக் கோணலாக ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினார்கள். அதைத் திரும்பப் பட்டியலாக்க எங்கள் குழுவுக்கு ஏழு வாரம் பிடித்தது.

பிரிட்டனில் 2008-ல் தொடங்கிய வாட்டூதேநோ தளத்தில் மனுவும் பதிலும் பொதுவில் தெரியும். ஒருவர் கேட்டதை இன்னொருவர் மறுபடி கேட்க வேண்டாம். அதன் பின்னால் இருக்கும் அலவெத்தேலி மென்பொருள் இலவசம், பல நாடுகளில் பயன்படுகிறது. அப்படி ஒரு தளம் இல்லாவிட்டால், உங்கள் மனுக்களையும் பதில்களையும் ஒரு பொதுக் கோப்புறையில் வைத்தாலே போதும்.

திறப்பதற்கு முன் பூட்டி வைத்தல்

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். பலரும் தவறவிடும் இடம் இது, தவறினால் பின்னால் சரிசெய்ய வழியே இல்லை.

ஓர் ஒப்பந்தத்தின் தொகையைப் பற்றி நாங்கள் கேள்வி அனுப்பிய மூன்றாம் நாள், அந்தப் பக்கத்தில் இருந்த தொகை மாறியிருந்தது. முன்பு வேறு தொகை இருந்தது என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் காட்ட ஒன்றும் இல்லை. திரையைப் படம் பிடித்திருந்தோம். அதை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

அன்று முதல் மூன்று காரியம் செய்யாமல் எதையும் திறப்பதில்லை. ஒன்று, பக்கத்தின் முகவரியை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் கொடுத்து, அந்த நொடியின் நகலைச் சேமிக்கச் சொல்வது. அது மூன்றாம் தரப்பு, தேதியும் நேரமும் அதன் பொறுப்பு. இரண்டு, கோப்பை இறக்கியதும் பெயரின் முன்னால் தேதியைப் போட்டு, 'மூலம்' என்ற கோப்புறையில் வைத்து, அதில் யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிடுவது. வேலையெல்லாம் நகலில்தான். மூன்று, அந்தக் கோப்பின் எஸ்எச்ஏ-256 முத்திரையை எடுத்து வைப்பது.

முத்திரை என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். எந்தக் கோப்பையும் இந்தக் கணக்கீட்டுக்குக் கொடுத்தால், 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரியாக அது சுருங்கும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் வரி அடியோடு மாறிவிடும். வரியிலிருந்து கோப்பைத் திரும்ப உருவாக்க முடியாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இதற்கான கட்டளை உள்ளேயே இருக்கிறது. அந்த வரியை அன்றே நமக்கு நாமே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்கிறோம், குழுவில் இல்லாத இரண்டு பேருக்கும் அனுப்புகிறோம். ஓராண்டு கழித்து யாராவது "நீங்கள் மாற்றியிருக்கலாமே" என்றால், கோப்பைக் கொடுத்து, "நீங்களே முத்திரை எடுத்துப் பாருங்கள்" என்று சொல்லலாம்.

சுத்தம் செய்தல்

பிடிஎஃப்பில் உண்மையான எழுத்து இருந்தால் (சுட்டியால் தேர்ந்தெடுக்க முடிந்தால்) டபுலா என்ற இலவசக் கருவி அட்டவணையைப் பிய்த்தெடுத்துத் தரும். வெறும் படமாக இருந்தால், படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் போன்ற எழுத்துணரி வேண்டும். எழுத்துணரி 8-ஐ 3 ஆக்கும், 1-ஐ 7 ஆக்கும். எனவே ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையையும் மூலத்தில் அச்சாகியிருக்கும் கூட்டுத்தொகையோடு பொருத்திப் பாருங்கள். தணிக்கையில் இதற்குக் கூட்டிச் சரிபார்த்தல் என்று பெயர். சலிப்பான வேலை, ஆனாலும் விடாதீர்கள்.

எக்செல் ஒரு காரியம் செய்யும், அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எண்ணாகத் திறந்தால் 15 இலக்கம் வரைதான் அது காப்பாற்றும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்களும் உதிர்ந்துவிடும். வங்கிக் கணக்கு, பதிவு எண், தொலைபேசி மூன்றையும் 'எழுத்து' என்று குறிப்பிட்டே உள்ளே கொண்டுவாருங்கள். இல்லையென்றால் நீங்கள் பொருத்தப்போகும் எண்ணே பொய்யாக இருக்கும். தேதியையும் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசைக்கு மாற்றுங்கள். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று இரண்டு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

பெயர்கள்தான் பெரிய தலைவலி. ஒரே நிறுவனம் 'பிரைவேட் லிமிடெட்', 'பி. லிட்.', 'பிரை. லிமி.' என்று மூன்று வேடத்தில் வரும். ஓப்பன்ரிஃபைன் என்ற இலவசக் கருவி இதற்கென்றே இருக்கிறது. அதன் கொத்தாக்கும் வசதி எழுத்துகளைச் சிறிய வடிவுக்கு மாற்றி, புள்ளி, காற்புள்ளிகளை நீக்கி, சொற்களை அகர வரிசையில் அடுக்கி, ஒன்றாக வருவனவற்றை ஒரு கொத்தாகக் காட்டும். முன்பின்னாக எழுதிய பெயர்கள் அப்படியே கூடிவிடும். ஒரு மொழியின் பெயரை இன்னொரு எழுத்தில் எழுதும்போது வரும் வேறுபாடு அவ்வளவு எளிதாகக் கூடாது. தமிழ்ப் பெயர் ஒன்றை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒலியை வைத்துக் கொத்தாக்கும் முறையும் அதில் உண்டு, ஓரளவு உதவும். அது பரிந்துரைக்கும் ஒவ்வொரு இணைப்பையும் நீங்களே பார்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே பெயருள்ள இரண்டு மனிதரை ஒருவராக்கினால், குற்றமே செய்யாத ஒருவர் மீது கைநீட்டுகிறோம். பெயரோடு இன்னொரு அடையாளமும் பொருந்தினால் மட்டும் சேர்க்கிறோம்: முகவரி, பதிவு எண், பிறந்த ஆண்டு, ஏதாவது ஒன்று.

பொருத்துதல்

இப்போது அந்தப் பத்து நிமிடம். ஒப்பந்தம் வென்றவர் பட்டியல் ஒரு பக்கம். மறுபக்கம் எதை வைப்பது? கம்பெனிப் பதிவேடு, இயக்குநர் பட்டியல், தேர்தல் நன்கொடையாளர் பட்டியல், தடைசெய்யப்பட்ட ஒப்பந்ததாரர் பட்டியல், அதிகாரிகள் அறிவித்த சொத்துப் பட்டியல். உங்கள் நாட்டில் இவற்றில் எது பொதுவில் கிடைக்கிறதோ அது.

கம்பெனிகளைத் தேட ஓப்பன்கார்ப்பரேட்ஸ் தளம் பல நாட்டுப் பதிவேடுகளை ஒரே இடத்தில் திரட்டி வைத்திருக்கிறது. நிதிச் சந்தையில் இருக்கும் நிறுவனங்களுக்கு 20 எழுத்துள்ள சட்ட நிறுவன அடையாளக் குறியீடு உண்டு, அதைத் தேடக் கட்டணம் இல்லை. நான் முதலில் பார்ப்பது கம்பெனி பதிவான தேதியைத்தான். டெண்டர் வெளியாவதற்கு மூன்று வாரம் முன்பு பிறந்த கம்பெனி பெரிய ஒப்பந்தத்தை வென்றால், அந்த வரியில் மஞ்சள் பூசுவேன். அடுத்து முகவரி. போட்டியிட்ட மூன்று கம்பெனிக்கும் ஒரே முகவரி என்றால் அங்கே போட்டியே நடக்கவில்லை.

இயக்குநர் பெயர் காகிதத்தில் இருப்பது. லாபம் போய்ச் சேரும் மனிதர் வேறாக இருக்கலாம். பனாமாவின் ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்து 2016-ல் வெளியான பனாமா ஆவணங்கள், 1 கோடியே 15 லட்சம் கோப்புகள், இதைத்தான் உலகத்துக்குக் காட்டின. 370-க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் அவற்றில் வேலை செய்தார்கள். பெயர், முகவரி, கம்பெனி எல்லாவற்றையும் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் வரையும் வலைப்பின்னல் தரவுத்தளம் இல்லாமல் அது முடிந்திருக்காது. அதே ஆண்டில் பிரிட்டன், ஒரு கம்பெனியில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ வாக்கோ வைத்திருப்பவரை அறிவிக்கும் பதிவேட்டை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. ஆனால் கம்பெனிகள் எழுதிக் கொடுத்ததை யாரும் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கும் அதிகாரத்தைப் பதிவாளருக்குக் கொடுக்க 2023-ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. பதிவேட்டில் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். அதுவும் ஒரு பட்டியல்தான், அதன் பக்கத்திலும் இன்னொன்று வேண்டும்.

பொருத்திய பிறகு நான் தேடும் அடையாளங்கள் சில. ஒரே ஒருவர் போட்டியிட்டது. டெண்டருக்குக் கொடுத்த கால அவகாசம் மிகக் குறைவு, அதுவும் விடுமுறை நாள்களில். ஐந்து லட்சத்துக்கு மேல் போனால் திறந்த டெண்டர் வேண்டும் என்று விதி இருக்கும் இடத்தில் 4,95,000, 4,98,000, 4,99,000 என்று வரிசையாக வருவது. வென்ற பிறகு ஒப்பந்தத் தொகை திருத்தம் திருத்தமாக ஏறுவது.

தோற்றவர்களின் விலை என்று சொன்னேன் அல்லவா, அது இங்கே வருகிறது. நான்கு கம்பெனிகள், பன்னிரண்டு டெண்டர்கள், ஒவ்வொன்றும் சரியாக மூன்று முறை வெல்கிறது. தோற்கும் மூவரின் விலையும் எப்போதும் வென்ற விலைக்கு மேல் 3, 5, 8 சதவீதத்தில் நிற்கிறது. இதைப் போட்டி என்று நம்புவது கடினம். வென்ற விலை மட்டும் வெளியாகும் இடத்தில் இது ஒருபோதும் தெரியாது. அதனால்தான் தோற்ற விலைகளையும் வெளியிடச் சொல்லி நான் எல்லா இடத்திலும் கேட்கிறேன்.

பிரேசிலில் 2016-ல் மக்கள் நன்கொடையில் தொடங்கிய ஒரு குழு, நாடாளுமன்ற உறுப்பினர்கள் செலவுத்தொகையைத் திரும்பப் பெற்ற ரசீதுகளை அலச 'ரோசி' என்ற நிரலை எழுதியது. ரோசியின் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: ஒரே நாளில் ஒருவர் பெயரில் வெவ்வேறு ஊர்களில் ரசீது இருந்தால், அந்தத் தூரத்தை அந்த நேரத்தில் மனிதரால் கடக்க முடியுமா என்று கணக்கிடும். நிரல் முழுவதும் திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். இப்படி ஒரு சோதனையை எழுதப் பெரிய அறிவியல் தேவையில்லை, நிதானமாக யோசித்தாலே போதும்.

நேரில் பார்த்தல், பிறகு கேட்டல்

காகிதத்தில் சாலை இருக்கிறது. நிலத்தில் இருக்கிறதா? ஐரோப்பிய செண்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர், பார்க்கக் கட்டணம் இல்லை. அமெரிக்க லேண்ட்சாட் படங்கள் 1972-லிருந்து இருக்கின்றன, 2008 முதல் இலவசம். நீர்த்தேக்கம், பெரிய கட்டடத்துக்கான நிலம், காடு அழிப்பு, சுரங்கம் எல்லாம் தெரியும். கிணறு தெரியாது, சுற்றுச்சுவர் தெரியாது. அதற்கு நடந்துதான் போக வேண்டும். போகும்போது, இடக்குறிப்பு பதிவாகும்படி கைப்பேசியில் அமைத்துவிட்டுப் படமெடுங்கள்.

மஞ்சள் பூசிய வரி ஒரு சந்தேகம் மட்டுமே. இதை நான் வலியோடு கற்றேன். ஒரு மருத்துவக் கருவியின் உதிரிபாகத்துக்கு ஆறு ஆண்டுகளும் ஒரே நிறுவனம்தான் விலை கேட்டிருந்தது. நான் அதை அறிக்கையின் முதல் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பாகத்தைத் தயாரிப்பதே அந்த ஒரு நிறுவனம்தான் என்பது, அறிக்கை வெளியாகி இரண்டு நாள் கழித்து வந்த கடிதத்தில் தெரிந்தது. அந்தக் கொள்முதலில் கையெழுத்திட்டிருந்த அதிகாரி நேர்மையானவர், நான் செய்த தவறால் அவர் தன் வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மன்னிப்பும் திருத்தமும் வெளியிட்டோம். அதன் பிறகு ஒரு வரிகூட, சம்பந்தப்பட்டவரிடம் எழுத்தில் கேட்டு, நியாயமான அவகாசம் கொடுத்து, அவர் பதிலைப் பக்கத்தில் வைக்காமல் எங்கள் குழுவிலிருந்து வெளியாவதில்லை. இதையும் அருகருகே வைப்பதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளிருந்து சொல்பவரைக் காப்பது

எந்தத் தரவிலும் தெரியாததை உள்ளே இருக்கும் ஒருவர் சொல்லலாம். சொல்பவரின் வேலையும் உயிரும் உங்கள் கவனக்குறைவில் போய்விடக் கூடாது. குளோபாலீக்ஸ், செக்யூர்டிராப் இரண்டும் இதற்கென்றே எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள்கள். பார்சிலோனா நகராட்சி 2017-ல் குளோபாலீக்ஸ் கொண்டு பெயர் சொல்லாமல் புகார் தரும் வழியைத் திறந்தது. இவற்றை நிறுவிப் பராமரிக்க விவரம் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

அவர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள்: அலுவலகக் கணினியிலிருந்தோ அலுவலக வைஃபையிலிருந்தோ அனுப்பக் கூடாது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. படத்திலும் வேர்டு கோப்பிலும் எடுத்தவர் பெயரும் கருவியும் நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். வண்ண லேசர் அச்சுப்பொறிகளில் பல, கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளால் தங்கள் வரிசை எண்ணையும் நேரத்தையும் ஒவ்வொரு தாளிலும் பதிக்கின்றன. எனவே வந்த தாளை அப்படியே ஸ்கேன் செய்து வெளியிடாதீர்கள், உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்து வெளியிடுங்கள். பிடிஎஃப்பில் பெயரின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் பெயர் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அடியில் எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் வந்துவிடும். மறைத்த பக்கத்தைப் படமாக மாற்றித்தான் வெளியிட வேண்டும்.

நீங்கள் உள்ளே இருப்பவர் என்றால்

இதுவரை வெளியே நிற்பவருக்குச் சொன்னேன். அலுவலகத்திலோ நிறுவனத்திலோ பொறுப்பில் இருந்து, திறந்து வைக்க விரும்புகிறவரா நீங்கள்? உங்களுக்கு வேலை இதைவிடக் குறைவு. பணம் கொடுத்த பதிவேட்டை மாதம் ஒருமுறை சிஎஸ்வியாக வெளியிடுங்கள். சப்ளையரின் பெயரோடு பதிவு எண்ணையும் போடுங்கள். திருத்தினால் பழையதை அழிக்காமல், எந்தத் தேதியில் எது ஏன் மாறியது என்று கீழே எழுதுங்கள். அழகான வரைபடப் பக்கம் பிறகு வரட்டும். வரைபடத்தை எதனோடும் பொருத்த முடியாது.

தொழில் நிறுவனங்கள் "போட்டியாளருக்குத் தெரிந்துவிடும்" என்பார்கள். நைக்கி 2005-ல் தனக்குத் தயாரித்துக் கொடுக்கும் 700-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளின் பெயரையும் முகவரியையும் வெளியிட்டது. நிறுவனம் மூழ்கிவிடவில்லை, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 1984-ல் போபால் நடந்த பிறகு, 1986-ல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்தத் தொழிற்சாலை எந்த நச்சை எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும், அதைக் கணினித் தரவுத்தளத்தில் மக்களுக்குத் திறக்க வேண்டும். தன் வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் தெரிந்துகொள்ளும் உரிமை அத்தனை உயிர்கள் போன பிறகுதான் சட்டமானது. அதை நினைக்கும்போதெல்லாம் மனது கனத்துப்போகிறது.

எல்லாவற்றையும் திறக்கச் சொல்லவில்லை. நோயாளியின் பெயர், உதவித்தொகை பெறுபவரின் முகவரி, புகார் கொடுத்தவரின் அடையாளம் இவை வெளியே வரக் கூடாது. 2022 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், கம்பெனிகளின் உண்மையான உரிமையாளர் பதிவேட்டை எல்லோருக்கும் கட்டற்றுத் திறப்பது தனியுரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை, ஆனாலும் அது எழுப்பிய கேள்வி நேர்மையானது. எஸ்தோனியாவில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. தன் தகவலை எந்த அரசு அமைப்பு எப்போது பார்த்தது என்பதைக் குடிமகன் இணையத்தில் போய்ப் பார்க்கலாம்.

பிளாக்செயின் (பல கணினிகளில் ஒரே நகலை வைக்கும் பதிவேடு) வேண்டுமா என்று கூட்டங்களில் கட்டாயம் கேட்பார்கள். அதில் எழுதியதை மாற்ற முடியாது என்பது உண்மை. எழுதும்போதே பொய்யை எழுதினால் பொய்யும் மாறாமல் இருக்கும். மாதாந்தரக் கோப்பின் 64 எழுத்து முத்திரையை வெளியே நான்கு இடத்தில் பதிவு செய்தாலே பெரும்பாலான அலுவலகங்களுக்குப் போதும்.

அடுத்த மாதம்

சரி, எல்லாம் முடிந்தது, அறிக்கை வெளியாகிவிட்டது. நாள்காட்டியில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதிக்கு ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள். அன்று அதே கோப்பை மறுபடி இறக்கி, முத்திரை எடுத்து, பூட்டி வைத்த பழைய கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இரண்டு கோப்புகளின் வித்தியாசத்தை மட்டும் காட்டும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. புதிய வரிகள் சேர்ந்திருந்தால் இயல்பு. நாங்கள் கண்காணிக்கும் ஒரு பதிவேட்டில் சென்ற முறை, போன ஆண்டின் பதினேழு வரிகள் காணாமல் போயிருந்தன. பதினேழும் ஒரே முகவரியில் இருந்த கம்பெனிகள். எங்கள் அடுத்த கேள்வியை அந்தப் பதினேழு வரிகளிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.